காளையின் முதுகில் ஒரு ரேடியோப் பெட்டி

நைனா முகமது எதிரே வரும் வண்டியை நிறுத்துகிறார். வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குனிந்து, மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னே விலாவில் காதை ஒட்டிக்கொள்கிறார். வால் முகத்தில் அடித்தாலும் அசையமாட்டார். "ம்ம், நல்லா ஓடுது. போங்க" என்று அவர் நிமிர்ந்த பிறகுதான் அரியலூர்க் கடைத்தெருவில் அந்த வண்டிக்கு வழி.

பிழைப்பு என்னவோ ரேடியோ ரிப்பேர். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. தொழில் கற்றது ரங்கூனில். ஜப்பான் குண்டு விழுந்த வருஷம் அங்கிருந்து நடந்தே வந்தபோது, குழந்தைகளை ஏற்றிய வண்டியை இழுத்துவந்த காளை பாதி வழியில் பொத்தென்று விழுந்து செத்தது. "நெஞ்சு நின்னுரும்னு தெரிஞ்சிருந்தா அவுத்து வுட்டிருப்பேனே" என்று இன்னமும் புலம்புகிறார். அந்தக் காளை மனிதரைத் தூங்கவிடுவதில்லை.

நிற்கும் மாட்டை யாரும் சோதிக்கலாம். இழுக்கும் மாட்டின் கூடவே ஓடிக்கொண்டு நெஞ்சைக் கேட்பது எப்படி? அதற்காகத்தான் அவரே செய்த இந்த ரேடியோப் பெட்டி. மாட்டின் முதுகில் வால்வும் பாட்டரியும், விலாவில் இறுக்கிக் கட்டிய மைக். கம்பி கிடையாது, இவர் சாலையோரம் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்பார். லைசென்ஸ் உண்டா என்று விசாரித்தால் மட்டும் அந்தக் காது மந்தமாகிவிடும்.

"இத மாட்டு ஒடம்புக்குள்ளயே வெச்சுத் தெச்சுரணும் சார்" என்றார் ஒருநாள். மாட்டு டாக்டர் அரங்கநாதனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பூசணிக்கா கனம் இருக்கே பாய்!"

"சின்னதாக்கிட்டாப் போச்சு."

போன மாதம் திருமானூர்க் கொளஞ்சியம்மாள் வந்தார். கரும்பு வண்டியில் அவருடைய ஜோடிக் காளைகளில் ஒன்று ஏற்றத்தில் படுத்துவிடுகிறது. நிற்கவைத்துப் பார்த்த டாக்டர், சண்டித்தனம் என்று கையை விரித்துவிட்டாராம்.

"நோவுன்னா வூட்டுல வெச்சுக் கஞ்சி ஊத்துவேன் பாய். சண்டின்னா சந்தையில தள்ளிருவேன்."

பெட்டியைக் கட்டி ஓட்டினால், ஹெட்போன் முழுக்கக் கழுத்துச் சலங்கை. சலங்கையைக் கழற்றினால் காளை நகரவே மாட்டேன் என்றது. அந்தச் சத்தத்துக்கே நடந்து பழகிய கால். இவர் விடுவாரா? சலங்கையைக் கொளஞ்சியம்மாள் கையில் கொடுத்து, முன்னால் குலுக்கிக்கொண்டே போகச் சொன்னார். காளையும் பின்னாலேயே கிளம்பியது.

ஏற்றத்தில் துடிப்பு இடறியது. நின்றது. பிறகு தாறுமாறாக அடித்தது.

"நிறுத்தும்மா! நோவுதான், சண்டியில்ல!" ஹெட்போனை வீசிவிட்டு ஓடிப்போய் நுகத்தோடு கழுத்தைப் பிணைத்த பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். காளை நுரை தள்ளியபடி நிழலில் சாய்ந்தது. கொளஞ்சியம்மாள் அதன் நெற்றியைத் தடவி அழுதார்.

"கரும்பு காயுதே பாய், வண்டிய யாரு இழுக்கறது?"

நைனா முகமது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலியாகிவிட்ட நுகத்தடி முனையில் தோளைக் கொடுத்தார்.