சொன்ன பேச்சு கேட்காதவள்

என் மகளுக்கு ஆறு வயது முடிவதற்குள் எங்கள் வீட்டில் அவளுக்கு எத்தனையோ பெயர்கள் வைத்தாகிவிட்டது. மாமியார் அடங்காப்பிடாரி என்பார். அவள் அப்பாவுக்கு அவள் திமிர் பிடித்தவள். என் வாயில் நாளுக்கொன்று வரும்: வீம்புக்காரி, அழிச்சாட்டியக்காரி, கொழுப்பெடுத்தது. குளிக்கக் கூப்பிட்டால் வேலிப்பக்கம் ஓடுவாள். பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கும் பொறுமை கம்மி. வாய்க்கு முன்னால் கை முந்திக்கொள்ளும்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்துக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். வெட்டுகிற இடத்தில் பிள்ளைகளை விடுவதற்கு எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கழித்த கரும்புச் சோகையை, நிற்கிற கரும்பின் நிழலில் குவித்து மேலே ஒரு பழம்புடவையை விரித்துவிடுவோம். காய்ந்த இலைதானே, மெத்தை மாதிரி அமுங்கும். அவள் உட்கார மாட்டேன் என்றாள். குத்துகிறதாம். வாய்க்காலுக்குப் போகணுமாம். இரண்டு முறை எழுந்து என் பின்னாலேயே வந்தாள். கையில் கத்தி, காலடியில் பிள்ளை, எப்படி வெட்டுவது? மூன்றாம் முறை முதுகில் இரண்டு வைத்தேன்.

"இங்கியே குந்திக்கினு இரு. எழுந்த, காலை ஒடிச்சிடுவேன்" என்றேன். அவள் அழவில்லை. முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

உச்சிவெயில் நேரம். பக்கத்துக் கழனியில் முந்தின நாளே வெட்டி முடித்திருந்தார்கள். கிடந்த சோகைக்குக் கழனிக்காரர் தீ வைத்தார். அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதற்காக அப்படிக் கொளுத்துவது எங்கும் நடப்பதுதான். நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று காற்று மாறியது. "அய்யோ, இந்தப் பக்கம் வருதுடீ!" என்று யாரோ கத்தினார்கள். நான் நிமிர்ந்தபோது தீ வரப்பைத் தாண்டிவிட்டிருந்தது. பிள்ளையை விட்ட மூலையில் புகை மட்டும்தான் தெரிந்தது.

ஓடினேன். வெட்டிய கட்டைகள் காலைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட என் பேச்சைக் கேட்காத பிள்ளை, இன்றைக்கு அடி வாங்கிக்கொண்டு கேட்டுவிட்டாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்தான் உட்கார வைத்தேன். நான்தான் எழுந்திருக்காதே என்றேன். சாமி, இன்றைக்கு மட்டும் அவள் கேட்டிருக்கக் கூடாது, திமிர் இருக்கட்டும், கொழுப்பு இருக்கட்டும், எல்லாம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். குவியல் இருந்த இடம் கொழுந்துவிட்டு எரிந்தது. புடவையின் ஓரம் சுருண்டு கருகுவதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே பாயப்போன என்னை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

"அதோ, அதோ நிக்குது பாரு!" என்று கூட வெட்டுகிறவள் கத்தினாள்.

வாய்க்காலில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் சேறு. அவள் தீயைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடி வரும் என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அடிக்காதம்மா. அங்கதாம்மா குந்திக்கினு இருந்தேன். இப்பதாம்மா வந்தேன்."

என் கை அப்படியே கீழே விழுந்தது. தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாடி கண்ணு என்றேன். அவள் வரவில்லை.