மூடாமல் விட்ட மஞ்சள்

என் எழுத்து பச்சை, அவளுடையது மஞ்சள். இப்படிச் சொன்னால் வெளியாட்களுக்கு விளங்காது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நானும் அவளும் ஒரே கொம்பனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்தோம். நான் திருகோணமலையில், உட்துறைமுகப் பக்கம். அவள் மூதூரில், விரிகுடாவுக்கு அந்தக் கரையில். கொழும்பில் இருக்கிற கணினிச் சேர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கிற வேலை. காலை எனக்கு, பின்னேரம் அவளுக்கு. மத்தியானம் கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்திருப்போம். சேர்வருக்குக் கட்டளை தட்டுகிற ஒரே கறுப்புத் திரைதான், கொன்சோல் என்போம், இரண்டு வீட்டிலும் திறந்திருக்கும். அவள் அங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் இங்கே என் கண்முன்னே விழும். எது யார் தட்டியது என்று குழம்பாமல் இருக்கத்தான் நிறம். 'பச்சை' என்று ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தேன், அவளுக்கு 'மஞ்சள்'. தட்டத் தொடங்குமுன் அவரவர் நிறத்தைப் போட்டுக்கொள்வோம்.

கதைக்கிறதும் அதிலேதான். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறியைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் சேர்வர் கண்டுகொள்ளாது. ஹாஷைப் போட்டுவிட்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். போனில் ஒருநாளும் கதைத்ததில்லை. அவள் வீட்டில் எந்நேரமும் சத்தம். என் வீட்டில் அம்மா செத்தபிறகு சத்தமே இல்லை, எனக்கு வாயால் கதைத்துப் பழக்கமும் விட்டுப்போயிற்று. வாசல் கேற்றடிக்கு வருவது ஊருக்குள் திரிகிற மான்கள் மட்டும்தான். அவையும் என்னைப் பார்க்கவா வருகின்றன, செவ்வரத்தைப் பூவைத் தின்னத்தான்.

நிறம் தெரிவு செய்த அன்றைக்கே சண்டை. அவளுக்குச் சிவப்பு வேண்டுமாம்.

"# பிழை வந்தாத்தான் சிவப்பு. நீ என்ன பிழையோ?"

"# அப்ப நீலம் தாங்க அக்கா."

கறுப்பில் நீலத்தை வைத்து வாசித்தால் கண் போய்விடும். போட்டுக் காட்டினேன். "# ஐயோ, ஒண்டுமே தெரியலியே" என்றாள், பேசாமல் மஞ்சளை எடுத்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் 'வெள்ளை' என்று தட்டி நிறத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் சேர்வர் சொல்கிற பதிலெல்லாம் அதே நிறத்தில் வழிந்துகொண்டே போகும். அவள் ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை. காலையில் திறந்தால் திரை முழுக்க மஞ்சள் பூசிக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"# எடியே, நேற்றும் மூடேல்லை. குசினியில பைப்பையும் இப்பிடித்தான் திறந்து விடுறனீயோ?"

"# மறந்துட்டன் அக்கா. புள்ளைகள் பசியில கத்துதுகள்."

மத்தியானத்தில் இப்படி ஒரு ஏச்சும் ஒரு மன்னிப்பும் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உண்மையைச் சொன்னால், அந்த நாளில் என்னோடு கதைக்கிற ஒரே சீவன் அவள்தான்.

பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிடுவாள். "# வாங்க அக்கா, கிண்ணியாவால பஸ்ஸில வந்தா கிட்டத்தானே." கால் நோகுது என்பேன், வேலை என்பேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். கீபோர்ட் இல்லாமல் அவள் முன்னால் கதிரையில் போய் இருந்து என்னத்தைக் கதைக்கிறது?

ஒரு மத்தியானம் மஞ்சளில் விழுந்தது:

"# அக்கா, வெள்ளிக்கிழமையோட நான் வேலைய விட்டு நிக்கிறன். கட்டாரில இருக்கிற புள்ளைகள்ட வாப்பா எங்களையும் அங்க எடுக்கிறார். அதுக்குள்ள ஒருக்கா வாங்க. உங்கட முகத்தப் பாக்காமப் போகச் சொல்றீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "# சந்தோசம். போய் நல்லா இரு. எனக்கு வர ஏலாது" என்று தட்டிவிட்டு, கையோடு வெள்ளைக்கு மாற்றினேன்.

"# கோவமா அக்கா?"

எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலையிடி என்று சாட்டுச் சொல்லி வேளையோடு வெளியேறினேன். சேலை மாற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். மூதூர் பஸ் நின்றது. "அம்மா, ஏறுறீங்களா?" என்று கொண்டக்டர் கேட்டார். "இல்லை, சும்மா நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை கொன்சோலைத் திறந்தேன். முழுக்க மஞ்சள். கடைசி வரி:

"# அக்கா, இண்டைக்கு மூடாம விட்டது மறதியில இல்ல."

குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அன்று கொழும்பிலிருந்து மேலாளர் போன் எடுத்தார். "மிஸ், எல்லாம் மஞ்சளாக் கிடக்கு. அவ கடைசி நாளும் மூடாமலா போனவ?"

"இல்லை, சேர். நான்தான் விட்டனான்."

"நீங்களா?"

"ஓம். மறந்துபோனன்."

அந்த வரி அவருடைய திரையிலும் இருந்திருக்கும், வாசித்தும் இருப்பார். "சரி, மூடிவிடுங்கோ" என்றார்.

'வெள்ளை' என்று தட்டினேன். இனி விழப்போவதுதான் வெள்ளையாகும், விழுந்து கிடப்பது நிறம் மாறாது. அவள் வரி மஞ்சளாகவே இருந்தது. ஆனால் நான் ஒவ்வொரு வரி தட்டத் தட்ட அது மேலே போகும். போய், ஒரு கட்டத்தில் திரையை விட்டே போய்விடும். அதனால் ஒன்றும் தட்டவில்லை. வேலை கிடந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

மத்தியானம், எங்கள் நேரம், ஒரு சேர்வர் இடம் நிரம்பிவிட்டது என்று சிவப்பில் கத்தத் தொடங்கியது. பார்க்காமல் இருக்க முடியுமா? கட்டளையைத் தட்டினேன். பிழைகள் மளமளவென்று விழுந்தன. அவள் வரி ஏறி ஏறி, திரையின் மேல் விளிம்புக்குப் போயிற்று.

"போய்ட்டு வா, பிள்ளை" என்றேன், வாய்விட்டு.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. வாயால் அவளோடு நான் கதைத்தது அது ஒன்றுதான்.