மாஸ்டர் உயர்த்திய கை

நகராட்சி நீச்சல் குளத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். நல்ல தொப்பை, முன்கோபம், தெருக்கோடிவரை கேட்கும் குரல். தண்ணீரைக் கண்டாலே அலறும் பிள்ளைகளைக்கூட ஒரே கோடையில் மீன்குஞ்சாக்கிவிடுவார். அங்கே ஒரு பழக்கம். காவலுக்கு நிற்பவர் நகர வேண்டுமென்றால் கையை உயர்த்துவார். உடனே இன்னொருவர் வந்து நிற்பார். அந்தக் கூச்சலில் பேச்சு எடுபடாது. அந்தக் கை உயர்த்தும் பழக்கம் அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

ஒரு கோடையில் மைத்துனி வீட்டில் விருந்து. கொல்லைப்பக்கம் காற்றடித்த பிளாஸ்டிக் தொட்டி, அதில் முழங்கால் தண்ணீர். மாஸ்டரின் மூன்று வயது மகள் உள்ளே குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவர். “மாஸ்டரே இருக்காரு, நமக்கென்ன கவலை?” என்று சகலை கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மாஸ்டரின் மனைவியும் நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள்.

உள்ளே போன் அடித்தது. மாஸ்டர் எழுந்தார், சகலையைப் பார்த்துக் கையை உயர்த்தினார், போய்விட்டார். சகலைக்கு என்ன தெரியும், பாவம்? ஈ ஓட்டுகிறார் என்று நினைத்துப் பேப்பரைப் புரட்டினார்.

சத்தமே வரவில்லை. தற்செயலாக எட்டிப் பார்த்த மனைவிதான் கத்தினாள். குழந்தை குப்புறக் கிடந்தாள். மாஸ்டர் ஓடிவந்து தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதி, போன மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். “நல்லவேளை, நீங்க இருந்தீங்க!” என்று ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழுந்தது.

“கை காட்டிட்டுத்தான்மா போனேன்,” என்றார் மனைவியிடம்.

“யாருக்குக் காட்டினீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

ஊரார் பிள்ளைகளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், சொந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் மனைவி அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மகளுக்கு இப்போது ஆறு வயது. இந்தக் கோடையில் கடற்கரைக்குப் போனார்கள். கணுக்கால் அலையில் மகள். இரண்டடி தள்ளி, கண்ணை எடுக்காமல் மாஸ்டர். மனைவி துண்டு எடுத்துவரக் கிளம்பினாள். கிளம்பியவள், தன் குழந்தையோடு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போனாள்.

“அக்கா, இதோ வந்துடறேன். என் பொண்ணக் கொஞ்சம் பாத்துக்கங்க.”

“அப்பா பக்கத்துலயே நிக்கிறாரேம்மா?”

“இருக்கட்டும்கா. நீங்க பாத்துக்கங்க.”

மாஸ்டர் காதில் எல்லாம் விழுந்தது. தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது. குனியவில்லை. குனிந்தால் பிள்ளைமேல் இருக்கும் கண் விலகிவிடும்.