தூங்கும் மரத்துக்குத் துணை

வடக்கனந்தல் குஞ்சம்மாள் முப்பது வருஷம் கரும்பிலும் மரவள்ளியிலும் குனிந்தே கிடந்தவள். கடைசியில் முட்டி இரண்டும் ‘இனி முடியாது’ என்று கையை விரித்துவிட்டன. அப்புறம்தான் கள்ளக்குறிச்சியில் ராதிகா வீட்டு வேலை கிடைத்தது. ராதிகா இருப்பதோ சென்னையில். பூட்டிய வீட்டின் கூடத்தில், ஜன்னலோரம், தொட்டியில் ஒரு கப்பலரளி மரம். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்புங்கள், மொத்த வேலையும் அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்ததும் மரம் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் வெறும் குச்சி. குஞ்சம்மாளுக்குத் தெரிந்த குச்சி மரவள்ளி. இலை கொட்டினால் பிடுங்கிவிட வேண்டியதுதான். மரத்தோடு தன்னையும் பிடுங்கிப் போட்டால், இந்த முட்டியை வைத்துக்கொண்டு எந்தக் காட்டில் போய்க் குனிவது?

ஞாயிறுதோறும் ராதிகா வீடியோ காலில் மரத்தைப் பார்ப்பாள். குஞ்சம்மாள் ரொம்ப யோசிக்கவில்லை. வாசலுக்குத் தோரணம் கட்டிய கைதானே! மாவிலை பறித்து வந்து, பூ கட்டும் நூலால் கிளைக்குக் கிளை கட்டிவிட்டாள். வாடினால் மாற்றினாள். மார்கழி முழுக்க மரம் கல்யாண வீடு மாதிரி பச்சைப்பசேலென்று நின்றது.

தை முதல் ஞாயிறு ராதிகா அழாத குறைதான்.

“இன்னாக்கா இது, இன்னும் ஒரு இலை கூட கொட்டல? குளுருக்கு இது தூங்கணும்க்கா. தூங்கலன்னா செத்துப்பூடும்!”

அடப்பாவி மரமே, இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

“ஒரு நிமிசம் இருங்கம்மா” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள் குஞ்சம்மாள். நூலை அறுத்து, இலை மொத்தத்தையும் உருவி, சோபாவுக்கு அடியில் தள்ளினாள். போனை நிமிர்த்தினாள்.

“தோ, தூங்கிடுச்சும்மா.”

“அப்பாடா! அப்போ தண்ணி ஊத்தக் கூடாது. பங்குனி வரைக்கும் நீங்க வர வேணாம்க்கா.”

பங்குனி வரைக்கும் சோற்றுக்கு எங்கே போவது? குஞ்சம்மாள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“பூட்டுன வூட்ல தனியா தூங்குனா பயந்துக்கும்மா.”



“அதுவும் சரிதான்” என்றாள் ராதிகா. “பக்கத்துல உக்காந்துக்குங்க. சத்தம் மட்டும் போடாதீங்க.”

மறுநாளிலிருந்து குஞ்சம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் மட்டும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து கத்துவாள்:

“அறிவு கீதா உங்களுக்கு? உள்ள மரம் தூங்கிக்கினு கீது!”