தாய் ஆடு இல்லாத படப் புத்தகம்

கம்பெனியில் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றியபோது முதலில் நினைத்தது சாராயக்கடை முனையைத்தான். அங்கே ஒரு செவலை நாய் படுத்திருக்கும். மூன்றாவது படிக்கிற என் மகளைப் போன மழையில் கெண்டைக்காலில் கடித்த நாய். ஊசி போட்டுக் காயம் ஆறிவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூட வழியில் அந்த முனை வந்தால் அவளுக்குக் கால் நகராது. பகல் ஷிப்டு வரும்வரை நான்தான் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் தனியார் பள்ளிக்கூட வேனில் போகிறார்கள். என் வீட்டுக்காரர் கொத்து வேலைக்கு விடியலிலேயே பஸ் ஏறிவிடுவார்.

எதிர்வீட்டு அக்காதான் கொஞ்ச நாள் கூட்டிப் போனார். அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தலை பின்னி அனுப்புகிறேன், நடக்க மட்டும் முடியாது என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மகள் தனியாகத்தான் போக வேண்டும்.

அவள் அழுவதைப் பார்த்து டீச்சர் ஒரு படப் புத்தகம் கொடுத்தனுப்பினார். ஒற்றைக் கொம்பு மாடு மறித்து நிற்கிற வழியை ஓர் ஆட்டுக்குட்டி நடுங்கிக்கொண்டே தாண்டுகிற கதை. பெரிய எழுத்து. எட்டாவதோடு நின்ற எனக்கும் தடங்கல் இல்லாமல் வந்தது. சாயங்காலம் உலை கொதிக்கும்போது அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நாளெல்லாம் நின்ற கால் வீங்கியிருக்கும், கண் சொருகும். ஆடு சீக்கிரம் தாண்டித் தொலைத்தால் தேவலை என்றிருக்கும்.

அந்தப் புத்தகத்தின்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அதில் மாடு கடைசியில் ஒதுங்கி வழிவிடுகிறது. எங்கள் நாய் கதை படித்ததா என்ன? தைரியமாகப் போ என்று நான் அனுப்பி, அது மறுபடியும் கடித்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

ஒருநாள் மகள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யம்மா, இதோட அம்மா எங்க? ஒரு பக்கத்துலயும் காணமே."

நானும் தேடினேன். வேலி, மரம், வரப்பில் நிற்கிற கொக்குவரை வரைந்திருந்தார்கள். தாய் ஆடு இல்லை.

"வேலைக்குப் போயிருக்கும்டி."

"கம்பெனிக்கா?"

"ஆமா, ஆட்டுக் கம்பெனிக்கு."

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "குட்டி தாண்டுனது அதுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"சாயங்காலம் வூட்டுக்கு வந்தாத்தான்."

"அதுவரைக்கும் இன்னா பண்ணும்?"

"வேல பாத்துக்கினே நெனச்சிக்கினு இருக்கும்."

அவள் புத்தகத்தைப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். பிள்ளை கிளம்பிவிட்டாள், முனையைத் தாண்டினாளா என்று தன் வாசலிலிருந்து தெரியவில்லை என்றார். சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனேன். பேக்கிங்கில் லேபிளைத் தலைகீழாக ஒட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனி வேன் அந்த முனையில் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். நாய் அங்கேயேதான் படுத்திருந்தது. தரையில் மகளின் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று என் கண் தேடியது.

அவள் அக்கா வீட்டு வாசலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். காலைப் பார்த்தேன். காயம் இல்லை.

"ஆட்டுக் கம்பெனி இன்னிக்கி லேட்டா?" என்றாள்.

"நாய் இன்னாடி பண்ணுச்சி?"

"தூங்கிச்சி. போறப்பவும் வர்றப்பவும் நான் மெதுவா போய்ட்டேன்."

அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். நாளைக்கும் அந்த நாய் தூங்க வேண்டும்.