ஒழுகாத விதானம்

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அதன் அடியில் பிளைவுட் அடித்திருக்கிறோம். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் தீவில் ஒருவர் அண்ணாந்து பார்த்தால் அதற்கு ஒரே பொருள்தான். உடனே யாராவது பால்ட்டியை, அதாவது வாளியை, எடுக்கப் போவார்கள். கறை எங்கே படர்கிறது என்று அறிவதற்கன்றி, முப்பது ஆண்டுகளில் நான் மேலே பார்த்த நினைவில்லை.

ஆஸ்திரியாவுக்குச் சுற்றுலா போனபோது, ஒரு மடாலயத்தின் பழைய நூலகத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். விதானம் முழுவதும் ஓவியம். மேகங்களின் விளிம்பில் தேவதைகள் அமர்ந்திருந்தார்கள். ஒருத்தியின் பாதம் மட்டும் சுதையில் செய்யப்பட்டு, சட்டத்தைத் தாண்டி வெளியே தொங்கியது. ஓவியம் எங்கே முடிந்து சுதை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் நகர எனக்கு மனமில்லை.

பின்னால் வந்த என் கணவரும் மேலே பார்த்தார். முகத்தில் கவலை.

"என்ன, ஒழுகுதா?"

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணி, பால்ட்டி கொண்டு வரட்டா?" என்றவள், போர்ட் பிளேயரிலிருந்து எங்களோடு வந்திருந்த வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் அதை இந்தியிலும் சொன்னாள். சிரிப்பு இரண்டாம் முறை எழுந்தது.

"பத்து நிமிஷம்தான் மேடம். சாக்லேட் கடை மூடிருவான்," என்றார் சுற்றுலாவை நடத்தியவர்.

எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். நான் பிடரியைத் தாங்கிக்கொண்டதைக் கண்ட நூலகப் பணியாளர், ஓரத்து மேசையில் பதித்திருந்த கண்ணாடியைக் காட்டினார். குனிந்தால் விதானம் அதில் தெரியுமாம். அன்பாகத்தான் காட்டினார். ஆனால் இதையும் குனிந்தே பார்க்க நான் தயாராக இல்லை. சன்னலோர மரப்பெஞ்சில் மல்லாந்து படுத்தேன்.

"எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் கணவர்.

"பாக்கட்டும்ங்க. நான் மேலதான் பாக்குறேன். அந்தப் பாதம் எங்க ஒட்டியிருக்குன்னு தெரியணும்."

"பஸ்ஸு போயிரும்."

"மெயின்லேண்ட் போற கப்பலுக்குத் துறைமுக ஜெட்டியில ரெண்டு நாள் காத்துக் கெடந்திருக்கோம். எனக்காக ஒரு பஸ்ஸு நிக்காதா?"

அவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து என் தலைக்கடியில் வைத்தார். பிறகு இடுப்பில் கைவைத்து, மழைக்கு முன் தார் பூச ஏணியில் ஏறி நிற்கும் அதே தோரணையில், விதானத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினார்.

"கணுக்கால்ல பாரு. முடி மாதிரி ஒரு கோடு. அங்கதான் ஒட்டு."

பார்த்தேன். அங்கேதான் இருந்தது. எத்தனையோ ஒழுகல்களைக் கண்டுபிடித்த கண்!

பேருந்து நின்றிருந்தது. கடைசியாக ஏறிய எங்களைப் பார்த்து நாத்தனார் கேட்டாள்: "எங்க ஒழுகுச்சு அண்ணி?"

"எங்கயும் ஒழுகல. சும்மா பாத்தேன்," என்றேன், கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி.