மனைப்பிரிவில் ஒரு பந்தி

நான் சமையல்காரன். கல்யாணம், காதுகுத்து, பௌர்ணமி அன்னதானம். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. என் மனைவி டீச்சர். திருவண்ணாமலை டவுனில் அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். பள்ளி தனியாருடையது. அதை நடத்துகிற ஆளைக் கரஸ்பாண்டென்ட் என்பார்கள். டீச்சர்களுக்கு முதலாளி அவர்தான். வேலைக்குச் சேரும் தாளிலும் அவர் கையெழுத்து, விட்டுப் போகும் தாளிலும் அவர் கையெழுத்து.

அவள் வயது ஏறித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குள் பழைய பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். ஓய்வு பெறும்போது அதை மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மாதம் பிறந்தால் கையில் ஒன்றும் இல்லை. பழைய பென்ஷன் கேட்டு அவள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அவள் ஓய்வு பெறும் சமயத்தில் விதி மாறியது. இனி மாதாமாதம் பென்ஷன் உண்டு என்றார்கள். வேண்டாம், பழையபடி மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் சரி. இரண்டில் ஒன்றை எழுதித் தர வேண்டும். இதில் என்ன லாபம், அதில் என்ன நஷ்டம் என்று உத்தரவைப் படித்து டீச்சர்களுக்குச் சொல்ல வேண்டியவர் கரஸ்பாண்டென்ட். அவரும் சொன்னார். சொன்ன இடம்தான் வேறு.

அந்த வருஷம் ஓய்வு பெற இருந்தவர்கள் இரண்டு பேர். என் மனைவியும் தமிழய்யாவும். இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு அல்ல. வேங்கிக்கால் தாண்டி அவர் மச்சான் போட்டிருந்த மனைப்பிரிவுக்கு. சமையல் நான்தான்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த நிலம். கல் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார்கள். நடுவில் ஷாமியானா. மச்சான் மைக்கைப் பிடித்தார்.

"காலைல கண்ணு முழிச்சா அண்ணாமலையார் தரிசனம்."

மலை எல்லோருக்கும்தான் தெரிகிறது. அதையும் மனையோடு சேர்த்து விற்றார்.

அடுத்துக் கரஸ்பாண்டென்ட் பேசினார். நான் பந்தலுக்குப் பின்னால் அடுப்பில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"நல்லா கேட்டுக்குங்க. மாசாமாசம் பென்ஷன்றான். இன்னைக்கு தர்றேம்பான், நாளைக்கு இல்லம்பான். மொத்தமா எழுதிக் குடுத்தா ஒரே மூச்சுல கைக்கு வந்துடும். எடுத்து நெலத்துல போடுங்க. நெலம் எங்க ஓடப்போவுது?"

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் தமிழய்யா.

என் மனைவி எழுந்து, "மாசாமாசம் எவ்ளோ வரும்னு கணக்குப் போட்டுக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

"அத இன்னாத்துக்குமா இப்ப? மொதல்ல சாப்புடு. ஒன் வூட்டுக்காரரு பிரியாணி, ஆறிடப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு அதோடு போயிற்று.

பிறகு அவர் அடுப்புப் பக்கம் வந்தார்.

"மாஸ்டர், இந்த வருஷம் பூரா பௌர்ணமி அன்னதானம் நம்ம டிரஸ்ட்டுதான். சமையலுக்கு ஆள் பாத்துகினு இருக்கேன். வெளி ஆளுக்கு ஏன் குடுக்கணும், நீங்க இருக்கச்சொல்ல?"

நான் விறகை உள்ளே தள்ளினேன்.

"வூட்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. பொம்பளைங்க யோசிப்பாங்க. மொத்தமா எழுதட்டும். மூலை மனை ஒண்ணு அவங்களுக்குன்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே பிரியாணி தேக்சாவுக்குள் கையை விட்டார். ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டார். விரலை ஒவ்வொன்றாக நக்கினார். அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

குழந்தைகள் கை விடுவார்கள். நான் கோபிப்பதில்லை. அன்று அவர் கை பட்ட இடத்தைச் சாரணிக் கரண்டியால் வாரி மண்ணில் போட்டேன். சோற்றைக் கொட்டியது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

வண்டியில் வரும்போது அவள் பின்னால் உட்கார்ந்து மனையைப் பற்றியே பேசினாள். எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. வாடகை வீட்டில்தான் தலை நரைத்தது.

"மூலை மனையாம்ங்க. ரெண்டு பக்கமும் ரோடு."

நான் வண்டியை ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆள் அடுப்படியில் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என் பென்ஷனுக்கு வெல, மாசம் ஒரு அண்டா சாம்பார் சாதமா?"

"தொன்னையும் சேத்து" என்றேன்.

மறுநாள் லீவு போட்டாள். பஸ் ஏறிக் கல்வி அலுவலகம் போனாள். அங்கே ஒரு கிளார்க் கணக்குப் போட்டுக் காட்டினார். சாகும் வரைக்கும் வரும், அவள் போய்விட்டால் எனக்கும் ஒரு பங்கு வரும் என்றார். மனையைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை. மாதாமாதம் என்று எழுதிக் கரஸ்பாண்டென்டிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

கேட்கப் போன போதெல்லாம் ஒரு காரணம். சாமி கும்பிட்டுவிட்டுப் போடுகிறேன். நாள் நல்லா இல்லை. ஒரு நாள் பேனா இல்லை என்றே சொன்னார். தமிழய்யா மொத்தமாக எழுதிக் கொடுத்த தாள் மட்டும் அன்றைக்கே மேலே போயிற்று. ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாள் போகாவிட்டால் பென்ஷன் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பௌர்ணமி வந்தது. அன்னதானச் சமையல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அவள் புதிதாக இன்னொரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, கிரிவலம் போலாம்" என்றாள்.

பாதையில் கரஸ்பாண்டென்ட் படம் போட்ட பேனர். படத்தில் கை கூப்பியிருந்தார். கீழே அவரே நின்று தொன்னை தொன்னையாக எடுத்துக் கொடுத்தார். சுற்றிப் பத்திரிகைக்காரர்கள், போன் பிடித்த பையன்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். சாம்பாரில் புளி ஜாஸ்தி. வாசனையிலேயே தெரிந்தது.

எங்கள் முறை வந்தது. முகத்தைப் பார்க்காமலே தொன்னையை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. தாளை நீட்டினாள்.

"அன்னம் வேணாம் சார். கையெழுத்துதான் வேணும். பேனா நானே கொண்டாந்திருக்கேன்."

"இன்னாமா இது, எடம் பொருள் தெரியாம?"

"ஸ்கூல்ல பேனா இல்லன்னீங்களே சார்."

பின்னால் நின்ற பெரியம்மா ஒருத்தி, "போட்டு வுடுப்பா, வரிசை நவுரட்டும்" என்றாள். போன்கள் இந்தப் பக்கம் திரும்பின. அவர் சிரித்தார். பேனரில் இருக்கிற அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே போட்டார்.

"சீல் நாளைக்கு ஸ்கூல்ல வாங்கிக்கறேன் சார்" என்றாள்.

மறுநாள் சீல் விழுந்தது. தாளை அவளே கொண்டுபோய்க் கல்வி அலுவலகத்தில் கொடுத்தாள். பாராட்டு விழாவில் அவர் எங்கள் இரண்டு பேருக்கும் சால்வை போர்த்தினார். ஆசிரியர் பணி அறப்பணி என்று மைக்கில் பேசினார். சால்வையை அண்டா இறக்கும் கரித்துணியாக வைக்கலாம் என்று பார்த்தேன். சூட்டுக்குச் சுருங்கிவிட்டது. அதற்கும் ஆகவில்லை.

இப்போது அவளுக்கு மாதாமாதம் வருகிறது. வாடகை வீடுதான். வாடகை தவறுவதில்லை.

போன வாரம் தமிழய்யா வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். மொத்தப் பணத்தையும் போட்டு வாங்கிய மனையை விற்றால்தான் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியுமாம். அதை வாங்க ஆள் இல்லையாம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு வழுவழு நோட்டீஸை எடுத்தார். அதே மனைப்பிரிவு.

"அடுத்த வருஷம் ரிடையர் ஆவுற சயின்ஸ் டீச்சர் உங்களுக்கு நல்ல பழக்கமாச்சே. ஒரு வார்த்தை சொல்லுங்களேன். மொத்தமா எழுதச் சொல்லுங்க. நாலு பேர் வாங்கினாத்தான் என் மனைக்கும் வெல வரும்."

"உங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாதா ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். கரஸ்பாண்டென்ட் கமிஷனும் தரேன்றாரு."

அவள் நோட்டீஸைத் தொடவில்லை.

"காபிய குடிச்சுட்டுக் கெளம்புங்க ஐயா."

அவர் மிச்சக் காபியையும் குடித்தார். நிதானமாகத்தான் குடித்தார். நோட்டீஸை டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவள் உள்ளே போய் அந்த சயின்ஸ் டீச்சருக்கு போன் போட்டாள். நான் நோட்டீஸை அடுப்பில் வைத்தேன். டம்ளரை எடுத்துப்போய் அண்டா தேய்க்கிற நாரால் தேய்த்துக் கழுவினேன்.